மலாய் நாட்டுச் சமையலும் நம் மக்களின் வரலாறும்

 

ஆண்டறிக்கை மலரில் வரவு செலவுக் கணக்கிற்கும் மதரஸாப் பிள்ளைகளின் தேர்ச்சிப் பட்டியலுக்கும் இடையே நம் கட்டுரை ஒன்று இடம்பெறுவது வழக்கம். தொழுகையின் சிறப்பு, ஜகாத்தின் கடமை, பெற்றோர் உரிமை எனப் பல பொருள்களில் எழுதியிருக்கிறோம். இவ்வாண்டு மலாய் நாட்டுச் சமையலைப் பற்றி எழுதப் புகுந்தது பலருக்கு வியப்பளிக்கலாம். அண்ணாமலையின் அடிவாரத்தில், கடலைக் கண்ணால் காணாத ஊரில் இருந்துகொண்டு கடல் கடந்த நாட்டின் சோற்றையும் கறியையும் பற்றி இமாமுக்கு என்ன எழுத்து என்று கேட்கவும் கூடும். காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் தொண்ணூறு வயதை எட்டிய ஒரு மூதாட்டி வஃபாத்தானார்கள். மலாயாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் இங்கு வந்தவர்கள். 'மலாயா நன்னிமா' என்றே எல்லோரும் அழைப்போம். சில வாரங்கள் கழித்து அவர்களுடைய பேரர்கள் இருவர், பச்சைத் துணியில் சுற்றிய பழைய நோட்டு ஒன்றை நம்மிடம் கொண்டு வந்தனர்.

"நன்னிமா இதைக் குர்ஆன் ஷரீஃபுக்குப் பக்கத்தில் மேல்தட்டில் வைத்திருந்தார்கள், ஹஜ்ரத். ஒளூ இல்லாமல் நாங்கள் தொட்டதே இல்லை. இதில் என்ன துஆ இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றனர்.

பிரித்துப் பார்த்தோம். எழுத்து அரபி. மொழியோ தமிழ். முதல் பக்கத்தில் இருந்தது இதுதான்: அரிசி ஒரு சுப்பாக்கு, தேங்காய் இரண்டு, இஞ்சி ஒரு துண்டு, உப்பு. அடுத்த பக்கத்தில் இறைச்சி இரண்டு காத்தி. அதற்கடுத்து மிளகாயும் வெங்காயமும். நோட்டு முழுவதும் சமையற் குறிப்புகள்.

இதைச் சொன்னபோது பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. "இத்தனை வருடம் கண்ணில் ஒற்றிக்கொண்டது சமையல் நோட்டையா?" என்று இளையவர் கேட்டார். அப்போது நம்மிடம் தக்க பதில் இல்லை. பதிலைத் தேடிச் சென்றதில் சேர்ந்த செய்திகளே இக்கட்டுரை. அக்குடும்பத்தார் இசைவு தந்தே இதனை எழுதுகிறோம். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை.

கடாரமும் சாவகமும்

மலாய் மக்களுக்கும் தமிழ் மக்களுக்கும் உள்ள உறவு இஸ்லாம் தோன்றுவதற்கு முன்னரே தொடங்கியது. அந்நாடுகளை நம் முன்னோர் காழகம், கடாரம், சாவகம் என்று வழங்கினர். மணிமேகலைக் காப்பியத்தில் பசித்தோர்க்கெல்லாம் சோறு வழங்கும் அமுதசுரபியை ஏந்தியிருந்த ஆபுத்திரன், மறுபிறவியில் சாவக நாட்டில் புண்ணியராசன் என்னும் அரசனாகப் பிறக்கிறான் என்று கதை செல்கிறது. நமக்கு மறுபிறவிக் கொள்கை இல்லை. ஆயினும் அன்னமிட்ட ஒருவனின் அடுத்த இருப்பிடமாகச் சாவகத்தைப் புலவர் நினைத்தார் என்பது, அந்நாட்டை அவர் எவ்வளவு அண்மையில் வைத்திருந்தார் என்பதைக் காட்டுகிறது.

1025-ஆம் ஆண்டு இராசேந்திர சோழன் கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான். வாளோடு சென்றவர்களைக் காட்டிலும் தராசோடு சென்றவர்களே மிகுதி. சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்னும் துறைமுகம் உள்ளது. அங்கு 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த அக்கல்வெட்டில் அவ்வூர் 'வாரோசு' எனக் குறிக்கப்பட்டுள்ளது.

பாரூஸ் என்ற பெயரைக் கேட்டதும் ஓதியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். உலகிலேயே உயர்ந்த கற்பூரம் விளைந்த இடம் அது. அரபு வணிகர்கள் 'ஃபன்சூரி' என்று போற்றியது பாரூஸ் பகுதிக் கற்பூரத்தையே. அரபியின் 'காஃபூர்' என்ற சொல்லுக்கு மலாய் மொழியின் 'காப்பூர்' என்ற சொல்லை மூலமாகக் காட்டுவோர் உண்டு. திருக்குர்ஆனின் 76-ஆம் அத்தியாயத்தில், 5-ஆம் வசனத்தில் சுவனத்துப் பானத்தோடு காஃபூர் கலந்திருப்பது கூறப்படுகிறது. அதே அத்தியாயத்தின் 17-ஆம் வசனத்தில் ஸன்ஜபீல், அதாவது இஞ்சி கூறப்படுகிறது. இச்சொல்லின் வேரை ஆராய்ந்த மொழியறிஞர் பலர் அதனைத் தென்னகத்தின் 'இஞ்சி' என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவர். மலாய்க் கரையின் மணமும் தென்னிந்தியக் கரையின் காரமும் அக்கால அரபியர் அறிந்த பொருள்களாயிருந்தன. அவற்றைக் கொண்டு சேர்த்த கப்பல்களில் நம் கரையின் மக்களும் இருந்தனர்.

கிராம்பு, சாதிக்காய், வால்மிளகு ஆகிய மூன்றும் அத்தீவுகளிலிருந்து வந்தவையே. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்தால் பாதி அறை மலாய்த் தீவுகளுக்குச் சொந்தம்.

மலாக்காவிலிருந்து பினாங்கு வரை

மலாக்கா சுல்தான்களின் அவையில் தமிழ் முஸ்லிம் வழிவந்தோர் உயர்பதவி வகித்தனர். பின்னாளில் அதே மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ் (1796 - 1854) யமன் நாட்டு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தவர். இளமையில் தமிழும் கற்றவர். தம் வரலாற்றை மலாய் மொழியில் எழுதிப் புது மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் பெயர்பெற்றார்.

1786-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பினாங்குத் தீவில் துறைமுகம் அமைத்தபோது நம் கரையின் வணிகர்களும் தொழிலாளர்களும் அங்குக் குடியேறினர். அவர்களை 'சூலியா' என்றும் 'கெலிங்' என்றும் அழைத்தனர். 1801-ஆம் ஆண்டு தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அங்கு நிமிர்ந்து நிற்கிறது. சிங்கப்பூரில் சூலியாக்களின் ஜாமிஆ பள்ளி 1826-இல் தோன்றியது.

சென்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஊரில் மனைவி மக்களை விட்டுச் சென்றோரும் உண்டு. அங்கேயே மலாய்ப் பெண்களை நிக்காஹ் செய்து தங்கியோரும் உண்டு. இரண்டையும் செய்தோரும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. இம்மணங்களில் பிறந்த வழித்தோன்றல்களுக்கு 'ஜாவி பெரானாக்கான்' என்று பெயர். 1876-இல் சிங்கப்பூரில் அவர்கள் தொடங்கிய 'ஜாவி பெரானாக்கான்' இதழே அப்பகுதியில் வெளியான முதல் மலாய்ச் செய்தித்தாள் எனப்படுகிறது.

அவ்வீடுகளின் அடுப்பில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தந்தை மல்லி, சீரகம், சோம்பு, பட்டை கேட்பார். தாய்க்குத் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப் புல்லும் பழக்கம். நாளடைவில் இரண்டும் ஒரே சட்டியில் கொதித்தன. மலாய் மொழியின் 'காரி' நம் கறி. 'அப்பம்' நம் ஆப்பம். 'புத்து' நம் பிட்டு. 'புத்து மாயம்' நம் இடியாப்பம். நம் கல்யாண விருந்தின் தால்ச்சா அங்கும் 'டால்ச்சா'வே. அவர்கள் உடுத்தும் 'பெலேகாட்' கைலியின் பெயரும் பழவேற்காட்டிலிருந்து சென்றது.

பினாங்கின் புகழ்பெற்ற 'நாசி கண்டார்' பிறந்த கதையும் இதுதான். நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித் தண்டு. ஒரு முனையில் சோற்றுக் கூடையும் மறுமுனையில் கறிப் பாத்திரங்களும் தொங்க, நம் மக்கள் துறைமுகத் தொழிலாளர்க்குச் சோறு விற்றனர். பல கறிகளின் குழம்பைச் சோற்றின்மேல் கலந்து ஊற்றுவதற்கு அங்கு 'பஞ்சிர்' என்று பெயர். வெள்ளம் என்பது பொருள். 1907-ஆம் ஆண்டு தொடங்கிய ஹமீதியா உணவகம் போன்றவை அக்காவடித் தண்டின் வாரிசுகளே. இன்று மலேசியாவில் எவ்வினத்தாரும் இவ்வுணவைத் தம்முடையதாகவே எண்ணுகின்றனர். 2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் மலாயரின் நாசி லெமாக்கோடு, நம்மவர் கொண்டுசென்ற ரொட்டி சானாயும் தே தாரிக்கும் இடம்பெற்றன. தோள் வலிக்கச் சுமந்த ஏழைகளின் உழைப்பு வீண்போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இலங்கை மலாயர்

மறுதிசையில் மலாயரும் நம் பக்கம் வந்தனர். இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசமிருந்த காலத்தில், ஜாவா முதலிய தீவுகளில் அவர்களை எதிர்த்த அரச குடும்பத்தாரும் மார்க்க அறிஞர்களும் அங்கு நாடு கடத்தப்பட்டனர். படைவீரர்களாகவும் பலர் கொண்டுவரப்பட்டனர். மக்காஸர் நாட்டுப் பேரறிஞர் ஷைகு யூஸுஃப் (1626 - 1699) 1684-இல் இலங்கைக்குக் கடத்தப்பட்டார். ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் இலங்கையில் தங்கிய பயணிகள் வாயிலாக அவருடைய நூல்கள் தாயகம் சேர்வதைக் கண்டு அஞ்சிய ஒல்லாந்தர், 1694-இல் அவரைத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினர். அங்கும் மலாய் முஸ்லிம் சமுதாயம் வேரூன்ற அவரே முன்னோடியானார்.

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை மலாயர் தனிப் படைப்பிரிவாகப் பணியாற்றினர். அப்பிரிவு 1873-இல் கலைக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், 1869-இல், பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் 'ஆலாமத் லங்காபுரி' என்னும் மலாய் இதழை அரபு எழுத்தில் வெளியிட்டார். அவர்கள் பேசும் மலாயில் தமிழின் சாயல் மிகுதி. தமிழ் பேசும் முஸ்லிம்களோடு பள்ளியிலும் கடைத்தெருவிலும் கலந்து வாழ்ந்ததன் பயன் அது.

அவர்கள் வீட்டுச் சமையலில் நாசி கோரேங் எனும் பொரித்த சோறு, பஸ்தோல் எனும் பூரணம் வைத்த பணியாரம், மாட்டுக் குடலில் செய்யும் பாபாத், மலாய் அச்சாறு ஆகியவை நிலைத்தன. நோன்புப் பெருநாளில் இலங்கை முஸ்லிம்களின் வீடுதோறும் வட்டிலப்பம் உண்டு. தேங்காய்ப்பால், முட்டை, வெல்லம், ஏலம் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. மலாயர் கொண்டுவந்த பண்டம் என்றே இது அங்கு வழங்கப்படுகிறது. பெயரில் வட்டிலும் அப்பமும் தமிழாகவே ஒலிக்கின்றன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்றும் இது விருந்துப் பண்டம்.

கீழக்கரையின் தொதலை நம்மில் சிலர் உண்டிருப்பர். அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றைப் பெரிய வாணலியில் இட்டு, எண்ணெய் பிரிந்து வரும்வரை பல மணி நேரம் விடாது கிளறுவர். மலாய் மக்களின் 'டோடோல்' இதுவேதான். பெயரும் ஒன்று, பாகமும் ஒன்று. மலாயர் வாழும் இலங்கையின் அம்பாந்தோட்டையும் தொதலுக்குப் பெயர்பெற்ற ஊர்.

நம் வீட்டு ஜவ்வரிசி

இவையெல்லாம் கடற்கரை ஊர்களின் கதை, உள்நாட்டாராகிய நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் நிக்காஹ் விருந்திலும் இஃப்தாரிலும் ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சாத வீடு குறைவு. ஜாவா அரிசி என்பதே ஜவ்வரிசி ஆயிற்று என்பர். மலாய்த் தீவுகளில் சாகு என்னும் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து மாவெடுத்து, அதை மணிமணியாக உருட்டி உலர்த்துவர். அதுவே கப்பலேறி நம் நாட்டிற்கு வந்துகொண்டிருந்தது.

1942-இன் தொடக்கத்தில் ஜப்பானியப் படை மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றியது. கப்பல்கள் நின்றன. ஜவ்வரிசி வரவு அற்றுப்போனது. அந்நிலையில், 1943-இல், சேலத்தில் மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. இன்று நாம் வாங்குவது அம்மரவள்ளி ஜவ்வரிசியே.

அதே ஆண்டுகளில் மலாயாவில் என்ன நடந்தது? பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அற்றுப்போக, மலாயரும் சீனரும் தமிழரும் வீட்டுக் கொல்லையில் மரவள்ளியை நட்டு, அதையே மூவேளையும் உண்டு உயிர் பிழைத்தனர். ஒரே போர், கடலின் இரு கரையிலும் மக்களை ஒரே கிழங்கிடம் கொண்டு சேர்த்தது. நம் மலாயா நன்னிமா, 'கிழங்கு தின்ற காலம்' என்று சொல்லிவிட்டு மேலே பேசாமல் நிறுத்திவிடுவார்கள். மரவள்ளியை அவர்கள் கடைசிவரை தொட்டதில்லை. ஜவ்வரிசிப் பாயசத்தை மட்டும் விரும்பி அருந்துவார்கள்.

போர் முடிந்தபின் கப்பல்கள் மீண்டும் ஓடின. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என 1970-களின் தொடக்கம் வரை மக்களைச் சுமந்தது. பின்னர் 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் நேர்ந்த தீ விபத்தோடு அக்கடல்வழிப் பயணமும் முடிந்தது. நன்னிமாவின் குடும்பம் 1946-இல் நாகப்பட்டினத்தில் இறங்கி, விழுப்புரம் வழியாக ரயிலேறித் திருவண்ணாமலைக்கு வந்தது.

நோட்டில் இருந்தவை

இனி அந்நோட்டிற்கு வருவோம். முதலில் அதனை அர்வி, அதாவது அரபுத் தமிழ், என்றே கருதினோம். நம் பாட்டிமார் மார்க்கக் கல்வியும் கடிதமும் கணக்கும் எழுதிய எழுத்து அது. ஆனால் படிக்கப் படிக்கச் சில இடங்களில் தடுக்கியது. 'அய்ன்' எழுத்தின்மேல் மூன்று புள்ளிகள் இருந்தன. 'சந்தான் முதற்பால்' என்று ஒரு சொல். 'செராய்', 'குஞித்', 'லங்குவாஸ்' என்று வேறு சொற்கள்.

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற நம் பகுதி மதரஸாக்களில் மலாய் நாட்டு மாணவர்களும் இலங்கை மாணவர்களும் வந்து ஓதியது பலரும் அறிந்தது. நம்மோடு ஓதிய மலேசிய நண்பர் ஒருவர் இன்று தம் நாட்டில் ஆலிமாக இருக்கிறார். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினோம். அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார். "இது ஜாவி எழுத்து. சந்தான் என்றால் தேங்காய்ப்பால். செராய் எலுமிச்சைப் புல், குஞித் மஞ்சள். இதை எழுதியவர் மலாய் வீட்டுப் பிள்ளை. தமிழைப் பின்னால் கற்றவர்" என்றார்.

ஜாவி என்பது மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். அய்னின்மேல் மூன்று புள்ளி இட்டால் 'ங'. நம் முன்னோரும் இதையே தமிழுக்குச் செய்து அர்வியை ஆக்கினர். கடலின் இரு கரையிலும் இருந்த முஸ்லிம்கள் ஒரே வேலையைத் தத்தம் மொழிக்குச் செய்திருக்கின்றனர்.

முதல் குறிப்பு 'நாசி லெமாக்'. அரிசியை நீருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலில், இஞ்சியும் உப்பும் இட்டுப் புழுங்க வைப்பது. தொட்டுக்கொள்ள மிளகாயும் வெங்காயமும் அரைத்து வதக்கிய சம்பால், பொரித்த நெத்திலி, வறுத்த நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, அவித்த முட்டை. ஒரு சுப்பாக்கு என்பது மலாய் நாட்டுப் படியளவு. நான்கு சுப்பாக்கு ஒரு கந்தாங். காத்தி என்பது எடையளவு, ஏறத்தாழ 600 கிராம்.

இரண்டாவது 'ரெண்டாங்'. சுமத்திராவின் மீனாங்கபாவ் மக்களிடம் தோன்றியது. அம்மக்களின் ஆடவர் பொருள் தேடி வெளியூர் செல்வதை மரபாகக் கொண்டவர்கள். நீர் வற்றச் சமைத்த இறைச்சி பல நாள் கெடாது என்பதால் வழிநடைக்கு ஏற்ற உணவாயிற்று. செய்முறையை இன்றைய அளவில் தருகிறோம். வீட்டில் செய்து பார்க்கலாம்.

மாட்டிறைச்சி ஒரு கிலோ, சற்றுப் பெரிய துண்டுகளாக. காய்ந்த மிளகாய் பதினைந்து ஊறவைத்தது, சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு ஆறு பல், இஞ்சியும் பேரரத்தையும் விரலளவு, மஞ்சள் சிறிது - இவற்றை மைய அரைக்கவும். இரண்டு தேங்காயின் பாலில் இவ்விழுதையும் இறைச்சியையும் இட்டு, தட்டிய எலுமிச்சைப் புல் மூன்று தண்டும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிடவும். பின் தணலைக் குறைத்து அவ்வப்போது கிளறவும். நீர்த்த குழம்பாக இருக்கும் முதல் நிலைக்கு 'குலாய்' என்றும், பாதி வற்றிய நிலைக்கு 'காலியோ' என்றும் பெயர். மேலும் வற்றி, எண்ணெய் பிரிந்து, இறைச்சி அவ்வெண்ணெயிலேயே கருத்து வறுபடுவதுதான் ரெண்டாங். மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து இடித்துக் கடைசியில் சேர்ப்பதும் வழக்கம்.

இதைப் படித்துச் சொன்னபோது மூத்த பேரர் இடைமறித்து, "ஹஜ்ரத், இது எங்கள் வீட்டுக் கறுப்புக் கறி! பெருநாள்தோறும் நன்னிமா செய்வார்கள். அது நம் ஊர்க் கறி என்றல்லவா நினைத்தோம்!" என்றார். சுபுஹுக்குப் பின் அடுப்பில் ஏற்றி லுஹருக்கு இறக்குவார்களாம். எலுமிச்சைப் புல் கிடைக்காத காலத்தில் எலுமிச்சை இலை. பேரரத்தையை நாட்டு மருந்துக் கடையில் வாங்குவார்கள். சளிக்கு வாங்குவதாகவே வீட்டார் எண்ணியிருந்தனர்.

இன்னொரு குறிப்பு நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. சம்பாலுக்குப் 'பெலாச்சான்' சேர்ப்பது மலாயர் வழக்கம். சிறு இறாலை உப்பிட்டுப் புளிக்க வைத்து உலர்த்திய கட்டி அது. மலாயரும் நம் கடற்கரை முஸ்லிம்களும் ஷாஃபிஈ மத்ஹபினர். அவர்களுக்கு இதில் தடையில்லை. நம் பகுதியினர் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபினர். இம்மத்ஹபில் நீர்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும். இறால் மீன் இனமா அன்றா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் பேணுதலாக இறாலைத் தவிர்ப்போர் நம்மிடையே உள்ளனர். நோட்டில் அவ்விடத்தில் 'பெலாச்சான்' என்று எழுதி அடித்துவிட்டு, 'இந்த வீட்டில் வேண்டாம், நெத்திலிக் கருவாடு போதும்' என்று எழுதப்பட்டிருந்தது.

ஜமாஅத்தார்களே! மொழி தெரியாத ஊருக்கு வந்து, கணவர் வீட்டாரின் மத்ஹபைக் கேட்டறிந்து, தம் தாய்வீட்டுச் சுவையில் ஒன்றை விட்டுக்கொடுத்த ஒரு பெண்ணின் அடக்கமும் மார்க்கப் பேணுதலும் அந்த ஒரு வரியில் இருந்தன.

கடைசிப் பக்கம்

எழுதியவர் நன்னிமா அல்லர், நன்னிமாவின் தாயார். பினாங்கில் தமிழ்த் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர். போருக்குப்பின் கணவரோடு இங்கு வந்தார். கணவருக்கு இங்கே முன்னரே ஒரு குடும்பம் இருந்தது. வந்தவரை ஊர் எப்படி ஏற்றது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 'மலாய்க்காரி' என்ற சொல் அக்காலத்தில் நல்ல எண்ணத்தோடு சொல்லப்படவில்லை என்று முதியவர் சிலர் நம்மிடம் ஒப்புக்கொண்டனர். இந்த வசையைக் கேட்டு வளர்ந்த நன்னிமா, தம் பிள்ளைகளிடம் தாய்வழியைப் பற்றி வாய்திறக்கவே இல்லை. மலாயாவில் பிறந்தவர் என்பது வரையிலேயே வீட்டார் அறிவர்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் சமையல் இல்லை. நான்கு பெயர்களும், பினாங்கில் ஒரு தெருவின் பெயரும் இருந்தன. எழுதியவரின் உடன்பிறந்தார் பெயர்கள் அவை என்று நண்பர் படித்துச் சொன்னார்.

அன்று மஃரிபுக்குப்பின் பேரர்களை அழைத்து இதைச் சொல்லலாமா என்று நாம் தயங்கியதுண்டு. மறைத்தவர் மறைத்ததாகவே போகட்டும் என்ற எண்ணமும் வந்தது. ஆனால் நஸப், அதாவது வம்சவழி, மார்க்கம் காக்கச் சொன்ன ஒன்று. உறவைச் சேர்ந்து வாழ்வதற்கு, உறவினர் யாரென அறிவது முதற்படி. நிக்காஹ் செய்து முறையாக வாழ்ந்த ஒரு பெண்ணின் வழியில் வருவதில் இழுக்கு ஏதுமில்லை. எனவே சொன்னோம். நெடுநேரம் அவர்கள் பேசவில்லை. பின் இளையவர், "அப்படியென்றால் மேல்தட்டில் வைத்தது சரிதான், ஹஜ்ரத்" என்றார்.

அந்நால்வரின் வழியினரைத் தேட நண்பர் முயன்று வருகிறார். எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கிடைப்பதும் கிடைக்காததும் அல்லாஹ்வின் நாட்டம்.

ஒரு வேண்டுகோள்

வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் என்றே நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நம் சமுதாயத்தின் வரலாற்றைப் பெரும்பகுதி பெண்கள் அடுக்களையில் வைத்துக் காத்து வந்திருக்கின்றனர். அர்வி படிக்கத் தெரிந்தோர் அருகிவிட்டனர். பழைய தாள்களை என்னவென்று அறியாமல் கிணற்றில் இட்ட வீடுகளை நாமே கண்டிருக்கிறோம்.

ஆகவே உங்கள் வீட்டில் அரபு எழுத்தில் எழுதிய பழைய நோட்டோ கடிதமோ இருந்தால், அழித்துவிடாமல் நம்மிடம் காட்டுங்கள். அறிந்தவரை படித்துச் சொல்வோம். வீட்டில் முதிய பெண்மணிகள் இருந்தால் அவர்களருகே அமர்ந்து, பெருநாள் பண்டங்களின் செய்முறையையும் அவற்றை யாரிடம் கற்றார்கள் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். கற்பித்தவரின் பெயரைக் கேட்டால் வம்சமே வந்துவிடும். மக்தப் மாணவர்க்கு அர்வி எழுத்தை வாரத்தில் ஒரு நாள் கற்பிக்க நிர்வாகக் குழுவிடம் அனுமதி கோரியுள்ளோம்.

இவ்வாண்டு நோன்புப் பெருநாளன்று அவ்வீட்டிலிருந்து நமக்குக் கறுப்புக் கறி வந்தது. இம்முறை பேரரின் மனைவி நோட்டைப் பார்த்துச் செய்தது. பாத்திரத்தைக் கொண்டுவந்த சிறுமி அதை 'ரெண்டாங்' என்றே சொன்னாள்.

வல்ல அல்லாஹ் நன்னிமாவின் பிழைகளையும் அவர்தம் தாயாரின் பிழைகளையும் பொறுத்து, இருவருக்கும் சுவனத்தில் உயர்ந்த இடத்தை வழங்குவானாக! பிரிந்த உறவுகளைச் சேர்த்து வைப்பானாக! ஆமீன்.